சிவப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்த ஒன்பது அந்தூரியங்கள்

நேற்றுக் காலை தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிவிட்டு, வழக்கம்போலப் பின்பல்கனியை எட்டிப் பார்த்தேன். ஆறாம் இலக்கச் சாடியில் நிற்கிற அந்தூரியத்தின் கதிரிலிருந்து முதல் பழம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பயறு மணியைவிடச் சற்றுப் பெரிது, நல்ல செம்மஞ்சள் நிறம். விரல் பட்டால் விழுந்துவிடும்போல நூலில் தொங்கியது. ஏழு மாதமாகத் தினமும் பார்த்துவந்த கதிர் அது.

ஒரு பழத்துக்கு இவ்வளவு சந்தோஷமா என்று இவர் கேட்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருக்கிறது. முன்பல்கனியில் நின்றால் மரைன் டிரைவும் தண்டவாளமும் அதற்கப்பால் கடலும் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பல்கனியைத்தான் புகழ்வார்கள். அந்தூரியத்துக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. 2016இல் இரண்டாம் மாடியில் இருந்த அன்ரி, தன் சிவப்பு அந்தூரியத்தைப் பிரித்து வேரோடு ஒரு துண்டு தந்தார். சிங்களப் பெண்மணி, அயலவரோடு பேசிப் பழகியே தமிழ் கற்றுக்கொண்டவர். என்னைத் துவே, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். அந்தச் செடி கேகாலையில் அவருடைய அம்மாவின் வீட்டிலிருந்து வந்தது என்றும், அம்மா போனபிறகு தான் கொண்டுவந்த ஒரே பொருள் அது என்றும் சொல்லித் தந்தார். நான் அதைக் கறுத்த மண்ணும் மாட்டெருவும் நிரப்பிய பெரிய சீமெந்துச் சாடியில் நட்டு, கடல் பார்த்த பல்கனியில் வைத்தேன். நல்ல மண், நல்ல வெளிச்சம், நல்ல காற்று, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

மே மாதம் தென்மேல் காற்று தொடங்கியதும் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. காற்றில் வருகிற உப்பு. ஜன்னல் கம்பியையே தின்கிற உப்பு இலையை விடுமா? மத்தியான வெயில் இலையின் நடுவில் வெளிறிய திட்டுகளை உண்டாக்கியது. மழை பெய்யப் பெய்யச் சாடி மண் களிபோல இறுகியது. ஒருநாள் செடியைப் பிடித்து இலேசாக அசைத்தேன், அப்படியே கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் பழுப்பாகிக் கூழாகியிருந்தன. தோலை இழுத்தால் உள்ளே மெல்லிய நூல் மட்டும் மிஞ்சியது. தண்டில் உயிருள்ள வேர் ஒன்றே ஒன்று, சாடிக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருந்த வேர்தான், தடித்து வெள்ளையாக இருந்தது.

அன்ரியிடம் கொண்டு ஓடினேன். அவர் திட்டவில்லை. "மண்ணில வைக்கிறதில்ல துவே, அது மண்ணில இருக்கிற சாமான் இல்ல" என்று சொல்லி, ஒரு பழைய மண்சாடியின் அடியில் ஓட்டுத்துண்டுகளைப் பரப்பி, மேலே பொச்சுமட்டைத் துண்டுகளை அடுக்கி, செடியை அதன்மேல் உட்காரவைத்தார். நடவேயில்லை, உட்காரத்தான் வைத்தார். அந்த ஒரு வேரிலிருந்து செடி மீண்டும் எழும்ப எட்டு மாதம் எடுத்தது.

அவர் சொன்னதன் அர்த்தம் 2018இல் அலுவலகத்தில் சிங்கராஜவுக்குப் போனபோதுதான் எனக்கு விளங்கியது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு. மற்றவர்கள் அட்டைக்குப் பயந்து காலுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார்கள். எனக்கு அந்த இருட்டுத்தான் அதிசயமாக இருந்தது. பகல் பன்னிரண்டு மணி, மேலே வெயில் எரிக்கிறது, கீழே பின்னேரம்போல இருக்கிறது. இப்படிப்பட்ட மழைக்காடுகளில் உச்சியில் விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் தரையை வந்து சேருகிறதாம். அதுவும் இலைகளுக்கிடையே புகுந்து காசு காசாக விழுந்து, சில நிமிடம் நின்று, நகர்ந்துவிடும். மழை பெய்தபோதும் நேராக விழவில்லை. இலையிலிருந்து இலைக்குச் சொட்டிச் சொட்டி வந்தது. கீழே மண் என்று ஒன்றைப் பார்க்கக் கஷ்டம். சருகு, சருகுக்குக் கீழே பாதி உக்கிய சருகு, அதற்குள் வலையாக வேர்கள். கையால் கிளறினால் பஞ்சுபோல இருக்கும். மரத்தண்டிலும் பாறையிலும் ஒட்டி நின்ற செடிகளுக்கு அதுகூட இல்லை. பாசியும் ஈரக்காற்றும்தான்.

அந்தூரியம் சிங்கராஜச் செடி இல்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே பலர் அது நம்முடைய நாட்டுச் செடி என்றே நினைக்கிறார்கள். ஈக்குவடோரிலும் கொலம்பியாவிலும் அந்தீஸ் மலையின் மேற்குச் சரிவில், ஓயாமல் மழை பெய்கிற காடுகளில் பிறந்தது. எடுவார்ட் அந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர் 1876இல் கொலம்பியாவில் அதைக் கண்டெடுத்தார், அடுத்த வருடம் பெல்ஜியத்தில் லின்டன் என்ற செடி வியாபாரியின் மூலமாக ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளுக்கு அறிமுகமானது. அந்த்ரேயின் பெயரைத்தான் அந்தூரியம் அந்த்ரேயானம் என்ற பெயரில் இன்றும் சுமக்கிறது. 1889இல் சாமுவேல் டேமன் என்பவர் லண்டனிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோனார். பின்னாளில் உலகத்துக்கே பூ அனுப்புகிற தொழில் அங்கேதான் வளர்ந்தது.

காட்டில் அது தரைக்கும் கிளைக்கும் நடுவே வாழ்கிறது. சருகுக் குவியலில் தொடங்கி மரத்தண்டில் தொற்றிக்கொண்டு நிற்கும். அதனால்தான் வேர்கள் அவ்வளவு தடிப்பு. ஓர்க்கிட் வேரில் இருப்பதுபோலவே வெளியே ஒரு வெள்ளைப் பஞ்சுப் போர்வை இருக்கிறது. மழை பட்டதும் உறிஞ்சி, உடனே காய்ந்து, மறுபடி காற்றை இழுக்கும். அப்படிப்பட்ட வேரை நான் களிமண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தேன்.

சிங்கராஜவிலிருந்து வந்த அன்றிரவே வீட்டில் அந்தக் காட்டு இருட்டு எங்கே இருக்கிறது என்று தேடினேன். சமையலறைக்குப் பின்னால், உடுப்புக் காயப்போடுகிற சிறிய பல்கனி. எதிரே பத்தடி தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதற்கு வெள்ளைப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். காலை ஒன்பதிலிருந்து பத்தரைவரை வெயில் அந்தச் சுவரில் பட்டு எங்கள் பக்கம் திரும்பும், மற்ற நேரமெல்லாம் நிழல். கடற்காற்று வராது. கீழே யாராவது வாளி தண்ணீர் ஊற்றினால் ஈரம் மேலேவரை ஏறிவரும். யாருக்கும் பிடிக்காத அந்த இடுக்குத்தான் அந்தூரியத்துக்குப் பிடித்த இடம். மேலே எழுபத்தைந்து சதவீத நிழல்வலை ஒன்றைக் கட்டினேன், அவ்வளவுதான்.

பொச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் பிழை விடுவது அதில்தான். தேங்காய் உரித்த கையோடு மட்டையை வெட்டிச் சாடியில் போடக்கூடாது. அதில் உப்பும் பொற்றாசியமும் சாயமும் இருக்கிறது. பெருவிரல் அளவு துண்டுகளாக வெட்டி, பெரிய பேசினில் தண்ணீர் விட்டு ஊறவைக்கவேண்டும். முதல்நாள் தண்ணீர் கடுஞ்சாயத் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். ஊற்றிவிட்டு மறுபடி. நான் இரண்டு கிழமை, ஒன்றைவிட்ட ஒருநாள் மாற்றுகிறேன். தண்ணீர் வெளிறிய மஞ்சளுக்கு வந்தபிறகுதான் வேருக்குப் பக்கத்தில் போவேன். அதோடு சிரட்டைக்கரி ஒரு பிடி, ஓட்டுத்துண்டு ஒரு பிடி. சாடிக்குள் கையை விட்டால் விரல்களுக்கிடையே இடைவெளி தெரியவேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு உரம் போட்டும் பிரயோசனமில்லை. தண்ணீர் ஊற்றினால் இரண்டு விநாடியில் அடியால் ஓடவேண்டும். பொச்சு இரண்டு மூன்று வருடத்தில் உக்கித் தூளாகும், அப்போது மாற்றவேண்டும்.

எங்கள் அம்மாவுக்கு அந்தூரியம் பிடிக்காது. அம்மா யாழ்ப்பாணத்து முற்றத்தில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் மல்லிகையும் பிடுங்கிச் சாமிக்கு வைத்து வளர்ந்தவர். "மணமில்லாத பூவைச் சாமிக்கு வைக்கேலாது பிள்ளை" என்பார். நான், இது பூவே இல்லை அம்மா, பாளை என்றேன். தென்னம்பாளை விரிந்து உள்ளே பூங்கதிர் நிற்பதைப்போல, இங்கே நிறமாகத் தெரிகிற இதயவடிவ ஓடு பாளை, நடுவில் வால்போல நீட்டிக்கொண்டிருக்கிற கதிரில்தான் உண்மையான பூக்கள் நூற்றுக்கணக்கில் பொடிப்பொடியாக இருக்கின்றன என்று காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அப்ப தாழம்பூ மாதிரி. தாழம்பூவும் மடல்தானே. அதுக்கு வாசமாவது இருக்கு, எண்டாலும் சிவனுக்கு ஆகாது" என்றார். அதன்பிறகு அம்மா அதைப் பூ என்று சொல்வதில்லை, பாளை என்றே சொல்கிறார். எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

சேம்பும் கருணைக்கிழங்கும் கொஹிலவும் அந்தூரியமும் ஒரே குடும்பம் என்று சொன்னபோது அம்மா உடனே நம்பினார். கருணைக்கிழங்கு வெட்டினால் கை கடிக்கிற மாதிரித்தான் அந்தூரியத் தண்டின் பாலும் கடிக்கும். உள்ளே ஊசிபோன்ற கல்சியம் ஒக்சலேற்றுப் பளிங்குகள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளும் பூனையும் உள்ள வீட்டில் இதைக் கவனிக்கவேண்டும்.

2019இல் பத்தரமுல்லை தியத்த உயனவில் வெள்ளை அந்தூரியம் ஒன்று வாங்கினேன். பாளை சுத்த வெள்ளை, கதிரின் நுனி மஞ்சள். அன்ரியின் சிவப்பு அப்போது எட்டு இலையோடு நின்றது. நல்ல வளர்ச்சியடைந்த செடியில் ஒவ்வொரு இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பூ வரும். ஒரு வருடத்துக்கு ஆறேழு இலை என்றால் ஆறேழு பூ. பூ வேண்டுமென்றால் இலையை வெட்டாதே என்று அன்ரி சொல்வதற்குக் காரணம் அதுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். கொழும்பில் மே கடைசிவரை நீடித்தது. நாலு பேர் நாலாம் மாடியில். பின்பல்கனியில் தினமும் ஒரு மணித்தியாலம் நிற்க எனக்கு நேரம் கிடைத்தது. அப்போதுதான் ஒன்றைக் கண்டேன். விரிந்து சில நாளான சிவப்புப் பாளையின் கதிரில், அடிப்பக்கம், ஊசிமுனை அளவு துளிகள் பூத்திருந்தன. ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு துளி. தொட்டால் ஒட்டியது. அடுத்த நாள் அந்தத் துளிகள் கொஞ்சம் மேலே ஏறியிருந்தன, அதற்கடுத்த நாள் இன்னும் மேலே. ஒரு கிழமையில் நுனிவரை போய்க் காய்ந்துவிட்டது. பிறகு சில நாள் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி அடியிலிருந்து, இந்தமுறை வெள்ளை மா போன்ற தூள்.

வாசித்துப் பார்த்தபோது விளங்கியது. முதலில் பெண், பிறகு ஆண். கதிரிலுள்ள ஒவ்வொரு பூவிலும் சூலும் மகரந்தமும் இரண்டுமே இருக்கின்றன, ஆனால் சூல்முடி ஈரமாக இருக்கிறபோது மகரந்தம் வராது. தன் தூள் தன்மேலேயே விழாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. காட்டில் பூச்சிகள் ஒரு செடியின் தூளை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். நாலாம் மாடியில் அந்தப் பூச்சிகள் இல்லை. மகளின் வர்ணத் தூரிகைதான் இருந்தது.

ஏப்ரல் நடுவில் சிவப்பில் அடுத்த கதிர் ஈரமாகிய நேரம், வெள்ளையின் கதிரில் தூள் வந்திருந்தது. காலை பத்து மணிக்குத் தூரிகையால் வெள்ளையின் தூளை எடுத்துச் சிவப்பின் துளிகளில் தடவினேன். துளி மேலே ஏற ஏற, ஐந்து காலைகள் தொடர்ந்து செய்தேன். அந்தக் கதிரின் தண்டில் மஞ்சள் நூல் கட்டினேன். இரண்டு மாதத்தில் கதிர் தடித்தது, கோணல்மாணலாகப் புடைத்தது. சிவப்புப் பாளை மங்கிப் பச்சையாகத் திரும்பியது. வெளியே மனிதர்கள் முகக்கவசத்தோடு வரிசையில் நின்ற அந்த மாதங்களில், இந்தக் கதிர் பருப்பதைப் பார்ப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

நவம்பரில் பழங்கள் ஒவ்வொன்றாக வெளியே தள்ளின. நாற்பத்துமூன்று பழம். ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது இரண்டு விதை, எள்ளைவிடப் பெரிது, சுற்றி வழுவழுப்பான ஒரு பசை. அந்தப் பசையோடு போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தேத்தண்ணி வடியில் போட்டு, விரலால் மெதுவாக உருட்டி உருட்டிக் கழுவினேன். அறுபத்தொரு விதை தேறியது. ஈரமான தும்புத்தூளைக் கட்டியில்லாமல் அரித்து ஐஸ்கிரீம் டப்பாவில் பரப்பி, விதைகளை மேலே வைத்தேன். விதையைத் தூளால் மூடக்கூடாது, அதற்கு வெளிச்சம் வேண்டும். டப்பாவின் மூடியைப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இந்த விதையைக் காயவைத்து எடுத்துவைக்க முடியாது. காட்டில் விழுந்த இடத்திலேயே ஈரம் இருப்பதால் அதற்குக் காத்திருக்கிற பழக்கமில்லை. பழம் விழுந்த சில நாளுக்குள் போட்டால் உண்டு.

பத்தாம் நாள் வெள்ளை வேர் நுனி தெரிந்தது. ஐம்பத்திரண்டு முளைத்தன. முதல் இலை உளுந்து அளவு. அந்த அளவிலேயே இதயவடிவத்தின் சாயல் இருந்தது.

அடுத்த மூன்று வருடத்தை வேகமாகச் சொல்லிவிடலாம், வாழ்ந்தபோது அது வேகமாகப் போகவில்லை. ஓடில்லா நத்தை ஒன்று ஒரே இரவில் எட்டு நாற்றைத் தின்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. ஓர்க்கிட்டுக்கும் அந்தூரியத்துக்கும் இங்கே எல்லோரும் தெளிக்கிற அல்பேர்ட் கரைசல் எங்கள் ஒழுங்கைக் கடையில் கிடைக்காமல் போனது. இருந்த அரைப் பக்கற்றை மாதக்கணக்கில் தண்ணீராய்க் கரைத்துப் பாவித்தேன். விவசாயிகள் பட்ட பாட்டுக்கு முன்னால் என் சாடிகள் ஒன்றுமேயில்லை என்று தெரியும், ஆனாலும் இலைகள் வெளிறியபோது மனம் கலங்கியது. 2022இல் மின்வெட்டு. மோட்டார் ஓடாவிட்டால் நாலாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் குளிப்பு, சமையல் போக மிச்சம், அரிசி கழுவிய தண்ணீர், அதுதான் நாற்றுகளுக்கு. அம்மா, பாளைகளுக்கு என்று தனியாக ஒரு பானையில் அதை ஊற்றி வைப்பார். அவற்றைப் பிடிக்காத அம்மாதான்.

அன்ரி 2021 தொடக்கத்தில் மகனோடு குருநாகலுக்குப் போய்விட்டார். போகும்போது தன் சாடிகளையெல்லாம் அயலில் கொடுத்தார், அவற்றில் பல அடுத்த வருடமே செத்துப்போயின. "கேகாலைச் சிவப்பு உன்னட்ட இருக்குத்தானே, எனக்கு அது போதும்" என்றார்.

அது என்னிடம் நிலைக்கவில்லை. இதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

2022 ஒக்ரோபரில் செடி விற்கிற ஓர் இடத்தில் செம்மஞ்சள் அந்தூரியம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். இலை ஓரத்தில் சின்ன மஞ்சள் கரை இருந்தது. தண்ணீர் குறைவு என்று சொல்லி விற்றார்கள், நானும் நம்பினேன். அதை மற்றச் சாடிகளுக்கு நடுவில் வைத்து, ஒரே கத்தியால் மூன்று செடியைப் பிரித்தேன். அந்தூரியத்தின் இலை ஓரங்களில் விடியற்காலையில் நீர்த்துளிகள் வரிசையாக நிற்கும். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். இரவில் வேர் உறிஞ்சிய மிச்ச நீரை இலை ஓரத்துத் துவாரங்களால் வெளியே விடுகிறது. கருகல் நோயின் பக்டீரியா உள்ளே போவதும் அதே துவாரத்தால்தான். ஒரு சாடியில் தண்ணீர் தெறித்தால் அடுத்த சாடிக்குப் போகிறது, கத்தியில் போகிறது, கையில் போகிறது.

இலையைத் திருப்பிப் பார்த்தபோது கீழ்ப்பக்கம் எண்ணெய் பட்டதுபோல ஈரப் புள்ளிகள். புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம். பிறகு நடு கருகியது. பிறகு இலைத் தண்டு தொட்டதும் கழன்றது. தண்டை வெட்டினால் உள்ளே கறுப்பு. மருந்து கிடையாது. சாந்தாக்ஸொமொனாஸ் என்ற இந்த பக்டீரியாதான் 1980களில் ஹவாயில் எத்தனையோ சிறு தோட்டங்களை அழித்தது. அங்கேயே தடுக்க முடியவில்லை என்று வாசித்தபிறகு நான் தயங்கவில்லை. ஏழு பெரிய செடிகளைக் குப்பைப் பையில் கட்டினேன். வெள்ளை போனது. கேகாலைச் சிவப்பும் போனது. அப்போது பதினேழு நாற்று இருந்தது. உயரமான தட்டில் தனியாக வைத்திருந்த ஒன்பதுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாடிகளையெல்லாம் குளோரின் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். இன்றும் ஒரு செடியில் பாவித்த கத்தியை அடுப்பில் பிடித்துச் சுடாமல் இன்னொன்றில் வைப்பதில்லை. புதிதாக வருகிற செடி மூன்று மாதம் முன்பல்கனிக் கதவோரம் தனியாக இருக்கும். தயவுசெய்து நீங்களும் இதைச் செய்யுங்கள்.

அன்ரியிடம் நெடுநாள் சொல்லவில்லை.

2023 செப்டெம்பரில் இரண்டாம் இலக்கச் சாடியில், ஒரு புது இலையின் கக்கத்தில், சுருட்டிய பென்சில் முனைபோல ஒன்று எட்டிப் பார்த்தது. விரிய மூன்று கிழமை. இளஞ்சிவப்பு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தாய் சிவப்பு, தகப்பன் வெள்ளை, பிள்ளை ரெண்டுக்கும் நடுவில" என்றார். அடுத்த வருட நடுப்பகுதிக்குள் ஒன்பதும் பூத்தன. ஆறு இளஞ்சிவப்பு, மூன்று செம்மஞ்சள் கலந்த பவள நிறம். ஒன்றுகூடச் சிவப்பு இல்லை, ஒன்றுகூட வெள்ளை இல்லை.

தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடி வாசித்தபோது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஹருயுகி கமெமோட்டோவும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைக் கணக்காகவே எழுதி வைத்திருப்பது தெரிந்தது. எம், ஓ என்று இரண்டு மரபணு. ஓ இரண்டு பக்கத்திலிருந்தும் கிடைத்தால் நிறம் அடர்ந்து வரும், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கிடைத்தால் மங்கும், கிடைக்கவேயில்லை என்றால் வெள்ளை. எம் இருந்தால் சிவப்பு வழி, இல்லாவிட்டால் செம்மஞ்சள் வழி. சிவப்புத் தாய் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓ ஒன்றைக் கொடுத்தது, வெள்ளைத் தகப்பனிடம் கொடுக்க ஓ இல்லை. ஆகவே எல்லாம் மங்கல் நிறம், வேறு எதுவும் வந்திருக்கவே முடியாது.

இரவு பத்து மணிக்கு மேசையில் உட்கார்ந்து அதைப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். அப்படியென்றால் இரண்டு இளஞ்சிவப்புச் சகோதரங்களைச் சேர்த்தால்? சில பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஓ கிடைக்கும். அவை சிவப்பாக வரும். ஐந்தில் ஒன்று, என் செடிகளுக்குள் எம் நன்றாக அமைந்திருந்தால் நாலில் ஒன்று. அந்தச் சிவப்பு குப்பைப் பையோடு போய்விடவில்லை. ஆறு செடிக்குள் பாதி பாதியாக இருக்கிறது.

அன்றுதான் அன்ரிக்கு ஃபோன் எடுத்தேன். நோயைச் சொன்னேன், குப்பைப் பையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன்ர பிழை இல்ல துவே, எங்கட அம்மாட வீட்டிலயும் ஒருக்கா எல்லாம் அப்படித்தான் செத்துப் போச்சு, ஒண்டுதான் மிஞ்சினது" என்றார். மிஞ்சியதுதான் அந்தக் கேகாலைச் சிவப்பாம். சகோதரங்களைச் சேர்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அதே செடியாக இருக்காது, பேரப்பிள்ளையாகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். "பேரப்பிள்ளை போதும்" என்றார்.

ஆறாம் இலக்கம் தாய், இரண்டாம் இலக்கம் தகப்பன். அதே தூரிகை. மகளுக்கு இப்போது அது தேவையில்லை, பசை பிடித்த நுனியோடு என் சாடி அலுமாரியில் கிடக்கிறது. ஏழு மாதத்துக்கு முன்னால் தடவிய கதிரிலிருந்துதான் நேற்று முதல் பழம் தள்ளியது.

இன்றைக்குக் காலை எண்ணினேன், பதினொரு பழம். பத்தொன்பது விதை கழுவி எடுத்தேன். அம்மா தும்புத்தூளை அரித்துத் தந்தார். ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் திகதியும் "6 x 2" என்றும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். கதிரில் இன்னும் முப்பது பழமாவது இருக்கும், இந்தக் கிழமைக்குள் எல்லாம் வந்துவிடும். என்னிடம் அவ்வளவுக்கும் இடமில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் யாருக்காவது விதை வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். பொச்சை மட்டும் இன்றைக்கே ஊறப்போட்டுவிடுங்கள், நாற்று பெருக்கிறவரை நல்ல தும்புத்தூள் போதும். விதையைக் கையில் வாங்கிய அன்றே போட்டுவிடவேண்டும்.